தண்ணீர் பிடித்துவரும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

திருமங்கலத்திலிருந்து எழுதிய தாயாருக்கு,

வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் முடித்த உங்கள் மகளுக்கு மதுரையில் ஒரு சுற்றுச்சூழல் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருப்பதையும், முதல் ஆறு மாதங்கள் கண்மாய்க்கும் ஆலைகளுக்கும் போய்த் தண்ணீர் பிடித்துவரச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டு, இதற்காகவா படிக்கவைத்தோம் என நீங்கள் கலங்குவதையும் படித்தேன். அவர் அந்த வேலையில் சேரட்டும் என்பதே என் கருத்து.

எவ்வளவு விலை உயர்ந்த கருவியாக இருந்தாலும், பாட்டிலுக்குள் வந்து சேர்ந்ததைத்தான் அது அளக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைக் கிருமிப் பரிசோதனைக்கு எடுக்கும்போது, கிருமிநீக்கம் செய்த பாட்டிலில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் இடாவிட்டால், வரும் வழியெல்லாம் குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே வந்து, கெட்ட தண்ணீரையும் நல்லதாகக் காட்டிவிடும். அக்கினி நட்சத்திர வெயிலில் ஆலைக் கழிவுநீரை ஐஸ் பெட்டியில் வைக்காமல் மேலூரிலிருந்து கொண்டுவந்தால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் வழியிலேயே கரிமக் கழிவைத் தின்றுவிடும். பிறகு 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கும் பி.ஓ.டி. அளவு (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு) உண்மையைவிடக் குறைவாக வரும். கரைந்துள்ள ஆக்சிஜனையோ, எடுத்த இடத்திலேயே அளந்துவிட வேண்டும், அல்லது அங்கேயே வேதிப்பொருள் சேர்த்து நிலைநிறுத்த வேண்டும்.

நான் ஆலோசகராவதற்கு முன் ஓர் ஆய்வகத்தில் பணியாற்றினேன். ஒரு கிராமத்து ஆழ்துளைக் கிணற்று நீரில், எடுத்தவுடன் நைட்ரிக் அமிலம் சேர்த்துக் காரகாடித்தன்மை (pH) அளவை 2-க்குக் கீழே கொண்டுவர மறந்துவிட்டேன். கரைந்திருந்த இரும்பு காற்றுப்பட்டுத் துருவாகிப் பாட்டிலின் அடியில் படிந்துவிட்டது. மேலே தெளிந்த நீரை அளந்து, இரும்பு குறைவு என்று அறிக்கை கொடுத்தோம். அந்த ஊர்ப் பெண்கள் மஞ்சள் கறை படிந்த குடங்களைக் காட்டியபோதுதான் தவறு புரிந்தது. மறுநாளே மாதிரி எடுத்து அறிக்கையைத் திருத்தினோம். அந்த வெட்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

பிறகு வருவது தரக்கட்டுப்பாடு. தூய நீரை மட்டும் நிரப்பிக் களத்துக்குக் கொண்டுபோய்வரும் வெற்று மாதிரி, ஒரே தண்ணீரை இருமுறை அளக்கும் இரட்டை மாதிரி, அளவு தெரிந்த பொருளைச் சேர்த்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பது ஆகியவற்றை அவர் செய்யப் பழக வேண்டும். தினசரி அளவுகளைக் கட்டுப்பாட்டு வரைபடத்தில் குறிக்கையில், ஒரு புள்ளி சராசரியிலிருந்து திட்டவிலக்கத்தின் (அளவுகள் வழக்கமாகச் சிதறும் அளவின்) மூன்று மடங்கைத் தாண்டி விலகினால், வாடிக்கையாளர் வாசலில் காத்திருந்தாலும் வேலையை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். இந்தத் துறையில் கடினமான பாடம் இதுதான் என்பேன். இதில் உறுதியாக நிற்பவர்கள்தான் பின்னாளில் தர மேலாளராகவும், அறிக்கையில் கையொப்பமிடும் அதிகாரம் பெற்றவராகவும் உயர்கிறார்கள், எம்.எஸ்சி.யை இடையில் படித்துக்கொள்ளலாம்.

சேருமுன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை உண்டு. பரிசோதனைக் கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தின்படி என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். அந்த அங்கீகாரம் குறிப்பிட்ட சோதனைகளுக்கே தரப்படுவது, ஆகவே எந்தெந்தச் சோதனைகளுக்கு என்ற பட்டியலையும் பார்க்க வேண்டும். களத்துக்கு வாகனமும் துணைக்கு ஓர் ஆளும் தருகிறார்களா, அமிலம் கையாளக் கையுறையும் கண்ணாடியும் உண்டா என்பதை நீங்களே, தாயாக, நேரில் கேட்கலாம். அதில் தயக்கம் வேண்டாம். துணையின்றித் தனியாக ஆலைக்கு அனுப்புவோம் என்றால் அந்த இடம் வேண்டாம்.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: மாதிரி எடுத்த நேரம், இடம், யாரிடமிருந்து யார் கைக்குப் போனது என்பதை அந்த இடத்திலேயே பேனாவால் எழுதட்டும், பிழையானால் வெள்ளை மை பூசாமல், அது படிக்கும்படி ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமும் தேதியும் இடட்டும்.