கவலை ஓட்டுதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொங்கு வட்டார நாவல் ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்கு நாலைந்து சொற்கள் புரியவில்லை. கைபேசியில் தேடினால் பாதி கிடைப்பதில்லை, அதற்குள் கதையும் விட்டுப்போகிறது. அகராதியோடு வாசிப்பதா, புரியாததைத் தாண்டிப்போவதா?

வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

அத்தியாயம் முடியும்வரை தேடாதீர்கள். சொல்லின் கீழ் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், போதும். அதே சொல் இரண்டு மூன்று முறை வரும்போது, அதைக்கொண்டு வெட்டுகிறார்களா, அதில் ஊற்றுகிறார்களா என்பதிலிருந்தே பாதி விளங்கிவிடும். மிஞ்சியதை மட்டும் பிறகு தேடலாம்.

தேடியும் கிடைக்காமல் போவதற்குப் பல சமயம் பேச்சு உச்சரிப்பே காரணம். சொல்லின் முதலில் வரும் இகரமும் உகரமும், ஒற்றை மெய்யைத் தாண்டி அகரமோ ஐகாரமோ வந்தால், எகரமாகவும் ஒகரமாகவும் மாறும். விதை 'வெதை' ஆகும், உரல் 'ஒரல்' ஆகும், குடம் 'கொடம்' ஆகும். நடுவே மெய் இரட்டித்த 'குட்டை' மாறாது. 'காத்து' காற்று, 'ஒளிஞ்சு' ஒளிந்து. எழுத்து வடிவத்தை மீட்டபின் தேடுங்கள். வினை என்றால் வேர்வரை போகவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் 'நொந்தான்' இருக்காது, 'நோ-தல்' இருக்கும். 'வெந்தது' என்பதற்கு 'வே-தல்' பாருங்கள்.

இவற்றைவிடச் சிக்கலானவை, தெரிந்த சொல்லின் முகத்தோடு வருபவை. உங்கள் நாவலில் ஒருவர் விடியுமுன் 'கவலை ஓட்டினார்' என்று வந்தால், துயரத்தை மறந்தார் என்றே வாசித்துவிடுவோம். வாக்கியமும் இடறாது, புள்ளி வைக்கவும் தோன்றாது. அந்தக் கவலை, மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் அமைப்பு. தெற்கே கமலை என்பார்கள். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு, நீர் மொள்ளும் கலமான சால் மேலே வந்து நீரைக் கொட்டும், மாடுகள் பின்னோக்கி ஏறும்போது சால் கிணற்றுக்குள் இறங்கும். ஏர் கீறிய பள்ளத்துக்கும் சால் என்றே பெயர் என்பதால் அங்கேயும் தடுமாறலாம். ஈழக் கதைகளில் 'ஆறுதலாக வா' என்றால் நிதானமாக வா, 'வடிவாகப் பார்' என்றால் நன்றாகப் பார். சொல் புரிந்தும் செயல் பொருந்தவில்லை என்றால் அங்கேயும் ஒரு புள்ளி வையுங்கள்.

எந்த நிலத்துக் கதையோ அந்த நிலத்து அகராதி வேண்டும். கரிசலுக்குக் கி. ராஜநாராயணன் தொகுத்ததும், விருத்தாசலம், கடலூர்ப் பக்கத்து நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் தொகுத்ததும் உள்ளன. ஈழ வழக்குக்கு க்ரியா அகராதி கைகொடுக்கும். உங்களுக்கு இப்போது வேண்டியது பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி.

ஆனால் கருவிகளுக்கு அகராதிப் பொருள் மட்டும் போதவே போதாது. 'நீரிறைக்கும் கருவி' என்று தெரிந்துகொண்டாலும் மாடு எந்தப் பக்கம் நடக்கிறது, ஆள் எங்கே உட்கார்கிறான் என்பது தெரியாமல் கிணற்றடிக் காட்சி கண்ணில் எழாது. வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவருக்கு இது இன்னும் கடினம். ஒரு தாளில் கிணறு, சரிவு, வடம், சால் நான்கையும் வரைந்து பக்கத்தில் பெயர் எழுதுங்கள். பிறகு கிணறு வரும் பக்கங்களை மட்டும் மறுபடி வாசியுங்கள்.