குரல் உசந்தாலே உறைஞ்சு போறேன்

கேள்வி: சின்ன வயசுல வீட்ல எப்பவும் சண்டை, அடிதடி. இப்ப என்னை லவ் பண்றவர் நல்லவர்தான், ஆனா அவர் குரல் கொஞ்சம் உசந்தாலே எனக்கு பேச்சே வராது. அவர் அதை கோபம்னு நினைக்கிறார்.

பதில்: கோபம் இல்லம்மா, பயம். மூளையில அமிக்டலான்னு ஒரு சின்ன பகுதி, வாட்ச்மேன் மாதிரி, அன்னிக்கு கேட்ட சத்தத்தையும் இன்னிக்கு கேக்குறதையும் சட்டுனு பிரிச்சுப் பாக்காது, நீங்க யோசிக்கிறதுக்குள்ள உடம்பு உறைஞ்சிடும். இதை சண்டை நடுவுல விளக்காதீங்க (எடுபடவே எடுபடாது!), அமைதியா இருக்கிறப்ப சொல்லி, 'இருபது நிமிஷம் குடு, வந்து பேசறேன்'னு ஒரு டீல் போட்டுக்கோங்க, ஆனா சொன்னபடி திரும்பி வரணும். கெட்ட கனவு, தூக்கமின்மையும் இருந்தா ட்ராமாவுக்கான (பழைய மனக்காயத்துக்கான) சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்துற பேச்சு சிகிச்சை), இஎம்டிஆர் (கண்ணை அசைச்சுக்கிட்டே பழைய நினைவோட வலியைக் குறைக்கிற சிகிச்சை) தெரிஞ்ச தெரபிஸ்ட்டைப் பாருங்க. அவர் நெஜமாவே மிரட்டுறார்னா மட்டும் இந்த டீல் எதுவும் வேணாம், நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட உடனே சொல்லிடுங்க.