வாட்டர்மார்க் (படத்தின் மேல் போடும் பெயர்க்குறி) கேள்வி பதில்: வடசென்னை போட்டோக்காரர்களுக்கு

ராயபுரம்: என் கையெழுத்தையே வாட்டர்மார்க்கா போடணும்ணே. போட்டா வெள்ளைப் பொட்டியோட வருது.

ஜேபெக்கில் சேமித்திருப்பீர்கள். அந்த வடிவத்தில் பின்புலத்தைக் கண்ணாடிபோல் ஆக்க முடியாது, பிஎன்ஜி வடிவம்தான் வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்பு ஜெல் பேனாவால் பெரிதாகப் போட்டு, நிழல் விழாமல் படமெடுங்கள். ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் முதலில் லெவல்ஸ்: தாள் சுத்த வெள்ளையாக, மை சுத்தக் கறுப்பாக வரும்வரை இரு முனைகளையும் உள்ளே தள்ளுங்கள். இதை விட்டால் தாளின் சாம்பல் நிறம் மெல்லிய அழுக்காகப் படத்தில் ஒட்டும். பிறகு கலர்ஸ் மெனுவில் கலர் டு ஆல்பா, நிறம் வெள்ளை; தாள் மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். 2000 பிக்சல் அகலத்தில் பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட். இன்வர்ட் செய்து வெள்ளைப் பிரதியும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் போட்டோ மேல் மட்டும் சேவ் பண்ணாதீர்கள்.

காசிமேடு: வெள்ளை எழுத்து ஐஸ் மேல காணாமப் போவுது. கறுப்பு போட்டா படகு நிழல்ல போயிடுது.

வெள்ளை எழுத்துக்குப் பின்னால் கறுப்பு டிராப் ஷேடோ கொடுங்கள், பிளர் 4 அல்லது 5 பிக்சல். மொத்த ஒபாசிட்டி (எழுத்தின் அழுத்தம்) 35 முதல் 40 சதவீதம். ஓவர்லே மோடு போடாதீர்கள். சுத்த வெள்ளை மேலும் சுத்தக் கறுப்பு மேலும் அது எதையும் காட்டாது. வெறும் வானத்தில் போட்டால் அழிப்பது சுலபம். வலை, மீன் செதில் மாதிரி நுணுக்கம் உள்ள இடத்தில் பாதி ஏறட்டும்.

பெரம்பூர்: போன்ல எந்த ஆப்?

ஸ்னாப்சீட். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துப் படத்தை டபுள் எக்ஸ்போஷரில் சேர்த்து லைட்டன் மோடு வையுங்கள், கறுப்பு மறைந்துவிடும்.

வண்ணாரப்பேட்டை: கல்யாணப் படத்துல குறுக்க பேர் போட்டுக் குடுத்தேன், எடுக்கச் சொல்றாங்க. எடுத்தது நான், உரிமை எனக்குத்தானே?

இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17: காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர்.

தண்டையார்பேட்டை: அநியாயம்ணே! கேமரா நம்மளுது, கண்ணு நம்மளுது.

கேமரா யாருடையது என்று சட்டம் கேட்கவில்லை. அட்வான்ஸ் வாங்கும்போதே உரிமை யாருக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

தண்டையார்பேட்டை: அப்போ எடுத்தவனுக்கு ஒண்ணுமே கெடையாதா?

உண்டு. எடுத்தது நான் என்று சொல்லும் உரிமை பிரிவு 57-இல் இருக்கிறது, பதிப்புரிமை கைமாறினாலும் அது போகாது. அதற்கு மூலையில் சின்னதாகப் பெயர் போதுமே, தாலி கட்டும் கைக்குக் குறுக்கே எதற்கு? செலக்‌ஷனுக்குக் காட்டும் படத்தில் குறுக்கே போடுங்கள், ஆல்பத்தில் வேண்டாம்.

வண்ணாரப்பேட்டை: ஒரிஜினல் மேலயே சேவ் ஆயிடுச்சே, இப்ப?

மெமரி கார்டில் இருக்கிறதா பாருங்கள். இதற்குத்தான் முதல் பதிலிலேயே சொன்னேன்.

கொருக்குப்பேட்டை: 300 படத்துக்கு ஒரே தடவைல போடலாமா?

கம்ப்யூட்டரில் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் எடிட் வாட்டர்மார்க்ஸில் பிஎன்ஜியைச் சேர்த்து, சைஸ் புரொபோர்ஷனல் 20 வைத்து, எக்ஸ்போர்ட்டில் வாட்டர்மார்க்கை டிக் செய்யுங்கள். எல்லாம் புதுப் பிரதியாக வரும், ஒரிஜினல் தப்பிக்கும். ஆனால் ஒரே குறி நூறு படத்தில் இருந்தால், அவற்றை ஒப்பிட்டே குறியைப் பிரித்தெடுத்து நீக்கலாம் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். படத்துக்குப் படம் இடத்தை மாற்றினால் மட்டும் போதாது, எழுத்தைக் கொஞ்சம் வளைத்தால்தான் அவர்கள் முறை தடுமாறியது. ஆகவே வெவ்வேறாக வளைத்த நாலைந்து பிஎன்ஜி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

வியாசர்பாடி: போனுக்கு எந்த ஆப் நல்லதுணா?

பெரம்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

எண்ணூர்: எக்ஸிஃப்ல, அதான் படத்துக்குள்ள மறைஞ்சிருக்கிற தகவல்ல, பேர் இருந்தா போதாதா?

வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் நிற்கும்.

புளியந்தோப்பு: ஆப் பேர் என்ன?

ஸ்னாப்சீட்.