இசட் அச்சுக்கு எவ்வளவு ஓட்டம் தேவை?

கேள்வி: மர வேலைப்பாட்டுக்காக 600-க்கு 900 மி.மீ. பரப்புள்ள சி.என்.சி. ரவுட்டர் (கணினி இயக்கும் மரம் வெட்டும் எந்திரம்) ஒன்றை வீட்டிலேயே செய்துவருகிறேன். பெரும்பாலும் 18 மி.மீ. ப்ளைவுட்டும், கதவுக்கான இரண்டு அங்குலத் தேக்குப் பலகையுமே அதில் ஏறும். பின்னால் உதவும் என்று இசட் அச்சின் ஓட்டத்தை, அதாவது வெட்டும் தலை மேலும் கீழும் நகரும் தூரத்தை, 200 மி.மீ. வைத்துவிடலாமா, ஐயா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம், நீங்கள் சொல்லும் வேலைக்கு 100 மி.மீ. போதும். பலகையின் கனத்தை மட்டும் பார்க்காமல், பிட்டுகளையும் (வெட்டும் அலகுகளையும்) சேர்த்துக் கணக்கிட வேண்டும். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டுக்கு வெளியே உங்கள் குட்டையான பிட் 25 மி.மீ., நீளமான பிட் 55 மி.மீ. நீட்டிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். குட்டைப் பிட்டின் நுனி மேசையைத் தொட வேண்டும். நீளப் பிட்டின் நுனியோ 50 மி.மீ. பலகைக்கு மேல் இன்னும் 10 மி.மீ. எழும்பி நிற்க வேண்டும். ஆகவே பலகைக்கு 50, எழும்புவதற்கு 10, பிட்டுகளின் வித்தியாசத்துக்கு 30, மேசைமேல் பரப்பும் எம்.டி.எஃப். பலகை சீவச்சீவத் தேய்வதற்கு 5 என்று மொத்தம் 95 மி.மீ. வருகிறது.

அதற்கு மேல் ஓட்டம் கொடுத்தாலும், மேசைக்கு மேல் பாலம்போல் நிற்கும் கேன்ட்ரியின் அடிப்பாகத்தை உயர்த்தாவிட்டால் கனமான மரம் உள்ளே நுழையாது. உயர்த்தினாலோ பக்கத் தகடுகள் நெட்டையாகி, பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலும், ரெயிலில் வழுக்கும் பிளாக்குகளை விட்டு வெகுவாகக் கீழே தொங்கும். ஒரு முனையில் மட்டும் பிடித்த தண்டின் நீளம் இரட்டிப்பானால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும் என்பதை மறக்கக் கூடாது. நான் கட்டிய முதல் எந்திரத்தில் 180 மி.மீ. ஓட்டம் வைத்திருந்தேன். ஸ்பிண்டிலை மேலே ஏற்றிக் கோலெட் நட்டைக் கட்டைவிரலால் தள்ளியபோது நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜின் முள் அசைந்ததாகவே தெரியவில்லை. கடைசிவரை இறக்கி அதேபோல் தள்ளியபோது முள் பத்துக் கோடுகளைத் தாண்டி ஓடியது. தேக்கில் வெட்டிய பள்ளத்தின் சுவரில் சீப்புப் பல்லைப் போல வரிவரியாகத் தடம் விழுந்துகொண்டிருந்ததன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

ரெயில்கள் நகரும் தகட்டிலும் பிளாக்குகள் கேன்ட்ரியிலும் இருக்கும் அமைப்பில், ஸ்பிண்டில் இறங்க இறங்க இந்தத் தொங்கல் கூடிக்கொண்டே போகும். எனவே ப்ளைவுட்டை வெட்டும்போது அடியில் ஒரு கனமான பலகையைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். குட்டைப் பிட்டுக்கும் அதுவே உதவும்.

கேன்ட்ரிக்கு அடியில் 80 மி.மீ. இடைவெளி விடுங்கள், பலகைக்கு மேல் துருத்தும் கிளாம்புகளும் அதில் அடங்கிவிடும். 15 எண் (15 மி.மீ. அகல) ரெயிலின் பிளாக் ஒன்று ஏறக்குறைய 60 மி.மீ. நீளம் இருக்கும். ஒவ்வொரு ரெயிலிலும் இரண்டு பிளாக்குகளை 20 மி.மீ. இடைவெளியில் வைத்தால் 140 மி.மீ. போகும்; அதோடு 100 மி.மீ. ஓட்டத்தையும் முனைகளில் சற்று இடத்தையும் சேர்த்து, 250 மி.மீ. ரெயிலாகக் கேட்டு வாங்குங்கள்.