நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியல்

கேள்வி: 2019-இல் ‘பிரே ஃபார் நேசமணி’ என்ற ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுப் பழைய திரைப்பட நகைச்சுவை ஒன்று திடீரென்று எப்படி மீம் ஆனது? அதை யாராவது திட்டமிட்டுப் பரப்பினார்களா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: திட்டமிட்டிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்பது என் எண்ணம். பாகிஸ்தானைச் சேர்ந்த கட்டடப் பொறியியல் முகநூல் பக்கம் ஒன்று, சுத்தியலின் படத்தைப் போட்டு, ‘உங்கள் நாட்டில் இதை எப்படி அழைப்பீர்கள்?’ என்று கேட்டிருந்தது. தமிழ்ப் பொறியாளர் ஒருவர், இதன் பெயர் சுத்தியல், அடித்தால் ‘டங் டங்’ என்று ஓசை வரும், ஜமீன் அரண்மனையில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்று, சிரிப்பின் சாயலே இல்லாமல் ஆங்கிலத்தில் பதில் எழுதினார். ‘ஃப்ரண்ட்ஸ்’ (2001) படத்தில் வடிவேலு ஏற்ற வேடம்தான் அந்த நேசமணி என்பதைத் தொலைக்காட்சியில் அக்காட்சியை ஓயாமல் பார்த்து வளர்ந்த எந்தத் தமிழருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியாருக்கோ அது உண்மையான விபத்துச் செய்தியாகத் தெரிந்தது. இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் விசாரித்ததும் விளையாட்டு சூடுபிடித்தது.

அதற்குப் பிறகு நம்மவர்கள் காட்டிய கட்டுப்பாடுதான் வியப்புக்குரியது. மருத்துவமனை அறிக்கையைப் போலவும் ‘சற்றுமுன்’ செய்தியைப் போலவும் படங்களை உருவாக்கியவர்களும், சுத்தியலை நழுவவிட்ட கிருஷ்ணமூர்த்தியைக் கைது செய்யக் கோரியவர்களும், இது சினிமாக் காட்சி என்பதைக் கடைசி வரை ஒப்புக்கொள்ளாமல் நடித்தார்கள். 2015-ஆம் ஆண்டு பாரிஸ் தாக்குதலின்போது உலகமே பகிர்ந்த ‘பிரே ஃபார் பாரிஸ்’ என்ற வாசகத்தின் அச்சிலேயே இந்த ஹேஷ்டேக்கும் ஆங்கிலத்தில் அமைந்திருந்ததால், தமிழ் அறியாதவர்களும் அதை நின்று படித்தார்கள். தமிழ் எழுத்தில் இருந்திருந்தால் அது நம் வட்டத்துக்குள்ளேயே சுற்றி அடங்கியிருக்கும்.

பிரதமர் மோடி இரண்டாம் முறையாகப் பதவியேற்ற மே 30-ஆம் தேதியை ஒட்டி இது நிகழ்ந்ததால் இதற்கு அரசியல் பொருள் கூறியவர்களும் உண்டு. நாள் தற்செயலாகப் பொருந்தியது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஆனால் பதவியேற்புச் செய்திகளுக்கு நடுவே, நேசமணி யார் என்று விளக்கிக் கட்டுரை எழுத வேண்டிய நிலை வடநாட்டுச் செய்தித் தளங்களுக்கு வந்ததென்னவோ உண்மை.