இன்டர்வியூ லிஸ்ட்ல பேர் இல்ல, அப்பீல் பதிலுக்கு காத்திருக்கலாமா?

இலங்கை மலையகத்துல, பொகவந்தலாவ பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. மாகாண பட்டதாரி ஆசிரியர் போட்டிப் பரீட்சையில பாஸ், ஆனா நேர்முகப் பரீட்சை லிஸ்ட்ல பேர் இல்ல. விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பிறகுதான் பட்டமளிப்பு நடந்திச்சு, அதனால தகைமை இல்லன்னு சொல்லிட்டாங்களாம். லிஸ்ட் போட்டு 22 நாள். அப்பீல் குடுத்திட்டு பதில பாத்துக்கிட்டு இருக்காங்க.

தங்கச்சி, நாலு பக்கத்தையும் வாசிச்சேன். அம்மா கொழுந்து பறிச்சு படிக்க வச்சதும், உங்கள விட புள்ளி குறைஞ்சவங்களுக்கு லெட்டர் வந்ததும் மனசுக்கு கஷ்டம்தான், ஆனா வழக்குக்கு உதவாது. புள்ளிக்காக உங்கள விடல, தகைமைக்காகத்தான் விட்டிருக்காங்க. அதனால பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, உங்க சர்ட்டிபிகேட்ல பட்டம் செல்லுபடியாகும் திகதின்னு என்ன போட்டிருக்கு? விழா நடந்த நாள் வேற, அந்த திகதி வேற. விண்ணப்பம் கேட்டு வந்த கெசட்ல (அரச வர்த்தமானி) தகைமை எந்தத் திகதிக்கு பூர்த்தியாகணும்னு இருக்கோ அதுக்கு முந்தின திகதின்னா, அரசியலமைப்பு 12(1) உறுப்புரையில சமத்துவ உரிமை மீறல்னு கேக்க உங்களுக்கு இடம் இருக்கு. பிந்தின திகதின்னா காச செலவழிக்காதீங்க, அடுத்த கெசட்டுக்கு போடுங்க.

எனக்கு பயமே அந்த அப்பீல்தான். இந்த மாதிரி உரிமை மீறலுக்குப் போடுற அடிப்படை உரிமை மனுவ ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்துல (சுப்ரீம் கோர்ட்) போடணும், 126ஆம் உறுப்புரை. நீங்க திணைக்களத்துக்கு எழுதுறதாலயோ, தொழிற்சங்கத் தலைவர் போன் பண்ணி "பாத்து செய்வோம்"னு சொல்றதாலயோ அந்த ஒரு மாசம் நிக்காது. நல்ல கேஸோட வந்து, பைல் நிறைய பதிவுத் தபால் துண்டு வச்சிருந்து, மூணு மாசம் பிந்திட்டதால நான் திருப்பி அனுப்பினவங்க இருக்காங்க, அவங்க முகம் எனக்கு இன்னும் மறக்கல. தகவல் அறியும் சட்டத்துல கேட்டுட்டு போவோம்னும் நினைக்காதீங்க, கேளுங்க, ஆனா அவங்க முடிவு சொல்றதுக்கே 14 வேலை நாள் இருக்கு, உங்ககிட்ட ஒரு வாரம்தான் மிச்சம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த ஒரு மாசத்துக்குள்ள முறைப்பாடு குடுத்தா, அங்க விசாரணை நடக்கிற காலத்த கணக்கெடுக்க மாட்டாங்க, 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்க சட்டம் 13ஆம் பிரிவு. ஆனா முறைப்பாடு குடுத்த துண்டு மட்டும் காணாது, விசாரணை உண்மையாவே நடக்குதுன்னு காட்டணும், அது இல்லாம தள்ளுபடியான மனுக்கள் இருக்கு, அதனால அத மட்டும் நம்பி இருக்காதீங்க.

முழு லிஸ்ட்டையும் ரத்து பண்ணச் சொல்லி கேக்கவும் வேணாம். அப்படி கேட்டா லிஸ்ட்ல உள்ள எல்லாரையும் எதிர்மனுதாரரா போடணும், விட்டா அந்த ஒரு காரணத்துக்கே மனு விழும். என்னையும் நேர்முகப் பரீட்சைக்கு கூப்பிடுங்கன்னு மட்டும் கேளுங்க. சட்டமா அதிபர் பக்கத்துல இருந்து "சரி, கூப்பிடுறோம், வழக்க முடிச்சுக்குவோம்"னு வந்தா ஒத்துக்குங்க. முதல் பேட்ச்சோட சீனியோரிட்டியும் வேணும்னு இழுத்தா வழக்கு வருசக்கணக்குல போகும், வயசெல்லையும் தாண்டிரும்.

சர்ட்டிபிகேட், கெசட், அட்மிஷன் கார்ட், லிஸ்ட் போட்ட திகதி தெரியிற மாதிரி ஒரு பிரிண்ட், இத எடுத்துக்கிட்டு நாளைக்கே ஒரு சட்டத்தரணிய பாருங்க. மனு கொழும்பு புதுக்கடையிலதான் போடணும், சத்தியக்கடதாசி தயார் பண்ணவே ரெண்டு மூணு நாள் போயிரும்.