வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சித்திரை வருசம்: கல்லடி டீச்சரிடம் கேட்டவை

ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வுபெற்ற டீச்சர், பேரப்பிள்ளைகள் சுவிஸிலும் கனடாவிலும். சின்னப் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கும் நம்ம மட்டக்களப்பு ஆக்களின் கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்கள், அவர் பேச்சிலேயே.

டீச்சர், வருசம் பிறக்கிறது விடிய 2 மணி எண்டு பஞ்சாங்கம் சொன்னா, நாலு வயதுப் பிள்ளையை அந்த நேரம் எழுப்பி முழுக வார்க்கணுமா? (ரொறன்ரோ)

வேணாம் மனே. அது இலங்கை நேரம். சூரியன் மேட ராசிக்குள்ள போறது எல்லா ஊருக்கும் ஒரே கணம்தான், மணிக்கூடுதான் வேற. ஏப்ரலில ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு. இங்க 14ஆம் திகதி விடிய 2 மணி எண்டா அங்க 13ஆம் திகதி பின்னேரம் 4.30. புண்ணியகாலம் அதுக்கு முன்னும் பின்னும் நாலு நாலு மணித்தியாலம். அப்ப பகல் 12.30இல இருந்து இரவு 8.30 வரைக்கும் எப்பவும் மருத்துநீர், அதாவது முழுக முன்னுக்குத் தலையில வைக்கிற மூலிகைத் தண்ணி, வைக்கலாம். பிள்ளை சாப்பிட்டு, நித்திரை கொண்டு எழும்பின நேரமாப் பாருங்க. சுவிஸ் எண்டா மூன்றரை, லண்டன் எண்டா நாலரை கழிக்கணும். மெல்பேர்ன் ஆக்கள் நாலரை கூட்டணும்.

ரெண்டு பஞ்சாங்கம் ரெண்டு நேரம் சொல்லுது. எதைப் பார்க்க, வாக்கியமா, திருக்கணிதமா?

உங்கட அம்மா எதைப் பார்த்தாவோ அது.

பக்கத்தில கோயில் இல்ல, மருத்துநீருக்கு என்ன செய்ய? மகனுக்குத் தோலில சொறியும் இருக்கு. (பேர்ண்)

கோயிலில தாழம்பூ, தாமரை, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பால், மஞ்சள், மிளகு, சுக்கு எண்டு கனக்கச் சேர்த்துக் காய்ச்சுவாங்க. நீங்க மஞ்சளும் துளசியும் போட்டுக் காய்ச்சி, வடிச்சு, ஆறவிட்டு, ஒரு சொட்டுப் பால் விடுங்க. மிளகும் சுக்கும் சின்னப் பிள்ளைக்கு வேணாம். ஒருக்கா கண்ணுக்க போனா அடுத்த வருசம் அவன் கிட்டவும் வரமாட்டான். சொறி இருக்கிறதால உச்சியில ஒரு துளி, உடனே நல்ல தண்ணி. தலைக்கும் காலுக்கும் வைக்கிற இலை வருசத்துக்கு வருசம் மாறும், பஞ்சாங்கத்தில இருக்கும். கிடைக்காட்டி அவனையே கடதாசியில கீறி வெட்டச் சொல்லுங்க. ஐயர் கோவிக்கலாம், நான் கோவிக்க மாட்டன்.

அப்பா கைவிசேஷத்தை (வருசத்துக்குப் பெரியாக்கள் கையில குடுக்கிற காசை) என்ட வங்கிக் கணக்குக்குப் போடுறார். மகளுக்கு ஒண்டும் விளங்கல்ல.

எப்பிடி விளங்கும்? கையில வந்தாத்தானே கைவிசேஷம். வீடியோவில தாத்தா வெற்றிலையில தாளை வைச்சு நீட்டட்டும், அதே நேரம் நீங்க அங்க பிள்ளையின்ட கையில வைங்க. மூண்டு வயதுக்குக் கீழ எண்டா பாக்கும் சில்லறையும் வேணாம், வாயிலதான் போகும்.

போர்த்தேங்காய் (தேங்காயைத் தேங்காயால அடிச்சு உடைக்கிற விளையாட்டு) அடிக்க ஆசை. மாடி வீட்டில எப்பிடி? (சூரிச்)

கீழ் வீட்டுக்காரர் பொலிசுக்கு அடிப்பார்! ஆனா நீங்க இருக்கிற ஊரிலேயே இதுக்குத் தம்பி இருக்கான். ஈஸ்டருக்குச் சுவிஸ் பிள்ளைகள் சாயம் போட்ட அவிச்ச முட்டையை ஒண்டோட ஒண்டு முட்டி, உடையாதவன் வெண்டான் எண்டு கத்துவாங்க. என்ட பேரன் அதைக் காட்டினதும் நான் போர்த்தேங்காய்க் கதையைத் தொடங்கிட்டன்: வைரமான தேங்காயைத் தேடித் திரியிறது, தட்டிப் பார்த்து ஒளிச்சு வைக்கிறது, தோத்தவன்ட தேங்காய்ச் சொட்டை அங்கேயே தின்னுறது. அடுத்த நாள் அவன் வகுப்பில போய்ச் சொல்லியிருக்கான். ஈஸ்டரும் நம்ம வருசமும் கிட்டக்கிட்ட வாறதால மிஞ்சின முட்டையே போதும். வருசத்தண்டு மரக்கறி எண்டா மறுநாள் முட்டுங்க. ஊஞ்சலுக்குப் பூங்கா இருக்கு. பாட்டுத்தான் நீங்க பாடணும், வெட்கப்படாம.

பலகாரம் பொரிச்சா புகை மணி அலறுது.

பயறு வறுத்து அரைச்ச மாவில சீனி, தேங்காய்ப்பூ, சுடுதண்ணி விட்டுக் குழைச்சு, ஆறினதும் பிள்ளையிட்டக் குடுங்க, உருட்டட்டும். மாவில தோய்ச்சுப் பொரிக்காமலே தின்னலாம்.

வருசம் பள்ளிக்கூட நாளில வந்தா?

சூரிச் மாநிலத்தில காரணம் சொல்லாம எடுக்கிற ஜோக்கர் நாள் வருசத்துக்கு ரெண்டு இருக்கு. சறுக்கி விளையாடப் போறதுக்கு ரெண்டையும் முடிச்சுப்போடாம ஒண்டை இதுக்கு வைங்க. மற்ற இடங்களில ஆசிரியருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்க.